காந்தளுக்கு வந்தவர்கள்

காந்தள் பூவில் வண்டு மொய்க்காது என்று திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் சொல்கிறார். முருகன் தலையில் சூடியிருக்கும் கண்ணியைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் செய்தி வருகிறது. நான் படித்த பள்ளியில் தமிழய்யா அதற்குக் காரணமும் சொன்னார்: சாமி சூடுகிற பூவை வண்டு எச்சில் பண்ணாது. குறுந்தொகையில் ஆசிரியன் பெருங்கண்ணன் பாடியதோ வேறு மாதிரி. 239ஆம் பாட்டில் சிறிய சிறகுள்ள தும்பி ஒன்று காந்தளின் தாதை ஊதிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவள் கண்ணுக்கு அது பாம்பு கக்கிய மணியாகத் தெரிகிறது. ஒருவர் வராது என்கிறார், இன்னொருவர் வந்ததைக் காட்டுகிறார்.

இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். அரசுப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். மூலனூருக்குப் பக்கத்தில், செங்காந்தளை ஏக்கர் கணக்கில் பயிர் வைக்கிற ஊரில் பிறந்தவள். இந்தப் பூவைத் தேடி யார் வருகிறார்கள், வந்தவர்கள் அதில் எதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் புலவர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி இல்லை. அந்த வருஷத்துக் கடன் அடைபடுமா என்பது அதில்தான் இருக்கிறது.

பூவை ஒருமுறை நின்று பார்த்தால் விஷயம் புரியும். காந்தள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூக்கும். ஆறு இதழ்களும் பின்னால் மடிந்து மேல்நோக்கி எழுந்து நிற்கும். ஓரமெல்லாம் நெளி நெளியாக இருக்கும். மொட்டில் பச்சை. விரியும்போது அடி மஞ்சள், நுனி சிவப்பு. நாள் ஆக ஆக மஞ்சள் குறைந்து பூ முழுக்கச் சிவந்துவிடும். கீழே ஆறு மகரந்தத்தாள்கள் குடைக்கம்பிகளைப் போல நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். சூலகத்தண்டு செய்வதுதான் வேடிக்கை. சூற்பையின் நுனியிலிருந்து நேராகக் கீழே இறங்காமல், கிட்டத்தட்டச் செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் போய்விடும். தன் பூவின் மகரந்தம் தன் சூல்முடியில் விழாதபடி அது ஒதுங்கிக்கொள்கிறது. தேன் இருப்பது இதழ்களின் அடியில். மகரந்தம் இருப்பது அங்கிருந்து விரல்நீளம் தள்ளி.

ஆகவே ஒரு சின்னத் தேனீ வந்து இதழடியில் உட்கார்ந்து தேனைக் குடித்துவிட்டுப் போனால் பூவுக்குக் காசுக்குப் பிரயோஜனமில்லை. அது மகரந்தத்தையும் தொடாது, சூல்முடியையும் தொடாது. மகரந்தம் சேகரிக்க வரும் தேனீ தாதுப்பையில் மட்டும் தொங்கும். ஒதுங்கி நிற்கிற சூல்முடிப் பக்கம் அநேகமாகப் போகாது. உடம்பு பெரிதாக இருந்து, தேனுக்காக நெருங்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் இடித்தாக வேண்டும். தேன்சிட்டு இடிக்கும். அகலச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சி இடிக்கும். இதே செங்காந்தள் ஆப்பிரிக்காவிலும் தானாக வளர்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதை ஆராய்ந்தவர்கள் 2020இல் அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே மகரந்தத்தைச் சுமந்து போவது வண்ணத்துப்பூச்சியின் சிறகு. பொதுவாகப் பூச்சியின் வாயிலோ காலிலோ மார்பிலோ மகரந்தம் ஒட்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவோம். இங்கே பூச்சி தேன் குடித்தபடி சிறகை அடிக்கிறது. சிறகு தாதுப்பையில் படுகிறது. அடுத்த பூவில் அதே சிறகு பக்கவாட்டில் நீண்டிருக்கும் சூல்முடியில் படுகிறது. அந்தத் தண்டு ஏன் அப்படி ஒடிந்ததுபோல் திரும்பி நிற்கிறது என்று பல ஆண்டு வகுப்பில் நான் சொன்ன காரணம் பாதிதான். தன் மகரந்தத்தைத் தவிர்ப்பதற்கு மட்டும் அது திரும்பவில்லை. அடுத்த பூவிலிருந்து வரும் சிறகு படும் தூரத்துக்கே அது நீண்டிருக்கிறது.

நக்கீரர் மலைச்சாரலில் பார்த்தது, மற்ற பூவில்போல வண்டுக்கூட்டம் மொய்க்காத காந்தளாக இருக்கலாம். பெருங்கண்ணன் பார்த்தது தாதுக்காக வந்த ஒற்றைத் தும்பி. கூட்டம் இல்லை, ஆனால் ஆள் வராமலும் இல்லை. அப்படித்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. மலையையும் முருகனையும் பேசினால் காந்தள் வந்துவிடும். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே வந்துவிடுகிறது. காந்தளையே வேலியாகக் கொண்ட மலையூர்களையும் சங்கப் பாட்டுகளில் காணலாம். ஆனால் இந்தச் செடியின் வரலாற்றை எழுதச் சொன்னால் நான் முதலில் எடுத்துவைப்பது குறுந்தொகையின் 361ஆம் பாட்டு. அதுவும் கபிலர் பாடியது. தலைவன் மலையில் முந்தின மாலை பெய்த மழை, காலையில் ஆற்று நீரோடு ஒரு காந்தளை வேரும் கிழங்குமாக அடித்துக்கொண்டு வருகிறது. அவன் மலையிலிருந்து வந்ததென்று தலைவி அதை அணைத்து அணைத்து இலையெல்லாம் குழைந்துபோகிறது. பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டு வைக்கிறாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், தடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மேலுலகத்தைக் கொடுத்தாலும் ஈடாகாது என்று மகள் தோழியிடம் சொல்கிறாள். காட்டுக் காந்தளை ஒருத்தி வீட்டில் நட்ட கதை, எனக்குத் தெரிந்து இதைவிடப் பழையது இல்லை. பூவை மட்டும் பறித்து வந்திருந்தால் வாடிப்போயிருக்கும். கிழங்கோடு வந்ததால்தான் நட முடிந்தது. கபிலர் அந்த விவரத்தை விடாமல் சொல்லியிருப்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பாட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தாய் விஷக்கிழங்கை வீட்டுக்குள் விட்டிருக்கிறாள். மலைநாட்டுத் தாய்க்கு அது தெரியாமலா இருக்கும்?

எங்கள் ஊரில் தெரியும். என் அம்மாயி கிளுவை வேலியில் கார்த்திகை மாதம் ஏறி நிற்கும் இந்தக் கொடியைக் கண்டால் எங்களைத் தள்ளி நடக்கச் சொல்வார். "அதத் தொட்டுப்போட்டு கண்ணத் தேச்சராதே சாமி, ரெண்டு கண்ணும் வீங்கிக்கும்." தொட வேண்டாம், பார்த்தாலே கண்வலி வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு என்றுதான் எங்கள் பக்கம் பேர். கலப்பை வடிவில் இரண்டு கை பிரிந்திருப்பதால் சித்த மருத்துவர்களுக்கு அது கலப்பைக்கிழங்கு. பேறுகாலத்தில் வலி எடுக்காமல் தவிக்கும் பெண்ணுக்கு இந்தக் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் பூசுகிற வழக்கம் இருந்தது. மேலே பூசுவதோடு சரி. உள்ளே போனால் தாயும் மிஞ்சமாட்டாள் என்பது மருத்துவச்சிகளுக்குத் தெரியும். அந்த எல்லையைத் தெரிந்து வைத்திருந்த கிழவிகளிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர்களை நம்பி நூற்றுக்கணக்கான பேறுகாலங்கள் நடந்திருக்கின்றன.

வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்றவர்களின் கதை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. காலராவோ என்று நினைக்கும்படி இருக்கும். தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். இலங்கையில் அப்படி உடம்பு முழுக்க முடி கொட்டிய ஒரு பெண்ணைப் பற்றி 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு வந்தது. வாந்திக்கும் முடிக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் காரணம் கோல்கிசின் என்ற ஒரே பொருள்தான். உடம்பில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க வேண்டும். அந்த இழைகள் கட்டப்படும் புரதத்தைக் கோல்கிசின் பிடித்துக்கொள்கிறது. இழை கட்டப்படாது, உயிரணுப் பிரிவு நின்றுவிடும். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டிய இடங்கள் முதலில் அடிபடும்: குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

இந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது நம் காந்தளிலிருந்து இல்லை. ஐரோப்பாவின் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் கோல்சிக்கம் என்ற கிழங்குச் செடி ஒன்று உண்டு. காந்தளுக்கு ஒன்றுவிட்ட அக்காள் தங்கை உறவு. கால் கட்டைவிரல் மூட்டு வீங்கி, துணி பட்டாலே உயிர் போகிற கௌட் நோய்க்கு அங்கே அதைப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். 1820இல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதன் வீரியப் பொருளைப் பிரித்தார்கள். கினைனைப் பிரித்தெடுத்தவர்களும் அதே இருவர்தான், அதே ஆண்டில். காந்தள் கிழங்கிலும் இருப்பது கோல்கிசின்தான் என்பது 1915இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் உறுதியானது. மலபாரிலிருந்து ஹென்ட்ரிக் வான் ரீட் 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் நூலில் மேந்தோன்னி என்ற பெயரிலேயே இந்தச் செடி படத்தோடு இருக்கிறது. லின்னேயஸ் 1753இல் குளோரியோசா சூப்பர்பா என்று பெயர் வைத்தார். ஆனால் மேற்கத்திய மருந்துக்கடைக்குள் அது நுழைய இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

நுழைந்தது விதை வழியாக. காந்தளின் விதையில் கிழங்கில் இருப்பதைவிட அதிகமாகக் கோல்கிசின் இருக்கிறது. கிழங்கை எடுத்தால் செடி போய்விடும். விதையை எடுத்தால் கிழங்கு மண்ணிலேயே மிஞ்சும். மருந்துக்கும் தேவை பெருகிக்கொண்டே போனது. 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ குழுவினர் கோல்கிசினைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி ஜப்பானில் பிறந்தது அந்த வழியில்தான். 1972இல் மத்தியதரைக்கடல் நாட்டு மக்களிடம் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சலுக்கு இது மருந்தென்று தெரிந்தது. 2023இல் அமெரிக்காவில் மாரடைப்பு வராமல் தடுக்கவும் சிறிய அளவில் அனுமதி கொடுத்தார்கள்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கண்வலிக்கொடி வேலியில் இருந்தது. மலையடிவாரத்துக் காடுகளில் கிழங்கைத் தோண்டி மூட்டை மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது வேலியை விட்டுத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி என்று எங்கள் வறண்ட பூமி முழுக்கப் பரவியது. அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டத்திலும், கடலோரத்தில் வேதாரண்யத்திலும் உண்டு. தெற்கே பழனிமலை நீலமாகத் தெரியும். மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். கொறங்காட்டு மேய்ச்சலும் காங்கயம் மாடும் முருங்கையும் இருந்த நிலத்துக்கு, குறைந்த தண்ணீரில் நல்ல பணம் தரும் பயிர் ஒன்று கிடைத்ததும் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆடி வாக்கில் கிழங்கு நடுவார்கள். நடும்போது கை நடுங்கும். கலப்பைபோல் பிரிந்த கிழங்கின் நுனியில் மட்டும்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு குப்பைக்குத்தான். கிழங்கின் விலையே ஏக்கருக்குப் பல லட்சம் என்பதால் வீட்டு ஆம்பளைகள்கூட அன்றைக்குக் குரலை உயர்த்திப் பேசமாட்டார்கள். முளைத்து வந்த கொடி தன் இலையின் நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டிக் கிடைத்ததைப் பிடித்து ஏறும். ஏறுவதற்குக் கிளுவையையோ விராலியையோ நட்டு வைப்பார்கள்; வெடத்தலான் குச்சி ஊன்றுவார்கள்; வசதி உள்ளவர்கள் கம்பி கட்டுவார்கள். புரட்டாசியில் பூக்கத் தொடங்கும். கார்த்திகை தாண்டி மார்கழி வரைக்கும் பூ இருக்கும். அந்த நாளில் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். தோட்டம் முழுக்கத் தீப்பிடித்ததாகத் தெரியும். அந்த அழகு எங்களுக்குக் கணக்கில்லை. ஒரு பூ காயானால்தான் கணக்கு.

மலையில் ஒரு புதரில் நாலு கொடி, கொடிக்குப் பத்துப் பூ. அதற்குத் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் போதும். ஓர் ஏக்கரில் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கில் பூத்தால் அத்தனைக்கும் எங்கிருந்து சிறகு வரும்? விட்டுவிட்டால் பாதிக்கு மேல் பூ காயாகாமல் சுருண்டு போகும். அதனால் மனுஷக் கை வந்தது.

காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி, பத்து பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் சூல்முடி காய்ந்துவிடும். ஒரு செடியின் பூவிலிருந்து தாதுப்பையைக் கிள்ளி எடுத்து, வேறு செடியின் பூவில் பக்கவாட்டில் நீண்டிருக்கும் அந்தத் தண்டின் நுனியில் மெல்லத் தொட வேண்டும். அழுத்தினால் ஒடியும், தொடாமல் போனால் வீண். கொடியில் பூ கீழிருந்து மேலாகத் தினமும் புதிதாக விரிவதால், இன்றைக்குப் பார்த்த வரிசையை நாளைக்கும் பார்க்க வேண்டும். பூக்காலம் முழுக்க இதே வேலை. தொடுவது முழுக்கப் பெண்கள். என் அம்மாவும் சின்னம்மாவும் எங்கள் தோட்டத்திலும் செய்தார்கள், அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்கும் போனார்கள். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது பத்து விரலும் மஞ்சளாக இருக்கும். சோறு போட்டுக்கொள்வதற்கு முன்னால் சோப்புப் போட்டு, மண்ணைப் போட்டுத் தேய்த்து, மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். கைக்குழந்தைக்காரிகளை இந்த வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு ஒழுங்கு இருந்தது. யார் எழுதி வைத்ததும் இல்லை.

கல்லூரி விடுமுறைகளில் நானும் போயிருக்கிறேன். சின்னம்மா எனக்குப் பக்கத்து வரிசையில் வருவார். "கண்ணு, படிச்சவ நீ, இதையெல்லாம் வண்டு செய்யறதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான்னு சொன்னியே, அந்த வண்டுக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி?" என்று கேட்டார். சிரிப்பதற்குக் கேட்டது இல்லை. ஆண் கூலிக்கும் பெண் கூலிக்கும் இருந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக் கேட்டது. பாறைச்சாரலில் பறவையும் பூச்சியும் செய்த காரியத்தை எங்கள் ஊரில் பெண்கள் அரை நாள் கூலிக்குச் செய்தார்கள். கோல்கிசினின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாரிஸ் ஆய்வுக்கூடத்தை எழுதுகிறார்கள், மருந்து செய்ய இத்தாலிக்குப் போன விதைமூட்டையை எழுதுகிறார்கள். மூட்டைக்குள் இருந்த ஒவ்வொரு காயையும் யாரோ ஒருத்தியின் விரல் ஒரு காலைப்பொழுதில் தொட்டிருக்கிறது என்பதை அவர்கள் எழுதிப் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

காந்தளுக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் கட்டமுமாக ஒரு புழு. பாலிடெலா குளோரியோசே என்று அதன் பெயரிலேயே காந்தளின் பெயர் இருக்கிறது. மாட்டையும் மனுஷனையும் கொல்லுகிற இலையை அது ஒன்றும் ஆகாமல் தின்னும். கூட்டமாக இறங்கினால் ஒரு செடியை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டுப் போகும். விவசாயி பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? மருந்தடிக்கிறான். மருந்துக்குப் புழு எது, வண்ணத்துப்பூச்சி எது என்ற பேதம் தெரியாது. வர வேண்டிய சிறகும் அதோடு போகிறது. சிறகு குறையக் குறையக் கை அதிகமாக வேண்டியிருக்கிறது. என் அம்மா காலத்தில் ஒரு ஏக்கருக்குப் போதிய ஆட்கள் இன்றைக்குப் போதவில்லை என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. தோட்டத்தை ஒட்டிய கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டவர்கள் தோட்டத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. தேன்சிட்டு உட்காரக் கிளை இல்லை, வண்ணத்துப்பூச்சி முட்டையிட இலை இல்லை.

தை, மாசியில் காய் அறுவடை. காயை நிழலில் பரப்பி, பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்து விதையைப் பிரிப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஈரமாக, பார்க்கத் தின்பண்டம் மாதிரி இருக்கும். அதனாலேயே சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். காய்ந்த விதை சாக்கில் ஏறும். வியாபாரியோ அவருடைய ஏஜென்ட்டோ வந்து விலை சொல்வார். இந்த விலை எங்கே முடிவாகிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கிலோ மூவாயிரத்தைத் தொடும் என்பார்கள்; அடுத்த வருஷம் ஆயிரத்துக்கும் கீழே இறங்கும். விலை வரட்டும் என்று மூட்டையை வீட்டிலேயே இரண்டு வருஷம் வைத்திருந்தவர்கள் உண்டு. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், கட்டிலுக்கு அடியில், விஷம். அமெரிக்காவில் 2009இல் கோல்கிசின் மாத்திரைக்கு ஒரு நிறுவனம் தனி உரிமை பெற்றதும் சில சென்ட்டுக்குக் கிடைத்துவந்த மாத்திரை ஐந்து டாலரை நெருங்கியது. அந்தச் செய்தியைப் படித்த வருஷம் எங்கள் ஊரில் விதை விலை ஏறியதாக எனக்கு நினைவில்லை. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப்பூ. அந்தப் பூவின் விதைக்கு ஆதார விலை வையுங்கள் என்று விவசாயிகள் பல வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈழத்தில் இதே பூ கார்த்திகைப்பூ. நவம்பர் 27 மாவீரர் நாளை ஒட்டிப் பூப்பதால் அங்கே அது துயரத்தோடும் பெருமையோடும் கலந்துவிட்டது. விடுதலைப் புலிகள் அதைத் தேசியப் பூவாக வைத்தார்கள். அங்கிருந்து வந்து எங்கள் பக்கத்து முகாமில் இருந்த ஒரு அக்கா, எங்கள் தோட்ட வரப்பில் நின்று இந்தப் பூவைப் பார்த்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. "இதை நீங்கள் பயிராகவே செய்யிறீங்களா?" என்று மட்டும் பிறகு கேட்டார். மறுநாள் காலையிலிருந்து எங்களோடு மகரந்தம் தொட வந்தார். அம்மா அவருக்கும் எல்லாருக்கும் கொடுத்த கூலியையே கொடுத்தார்.

வேலையில் இருந்தபோது மாணவர்களைச் சிறுமலைக்கு அழைத்துப்போன நாட்களில் நான் காந்தளைத் தேடி நிற்பேன். மழை பெய்து முடிந்த காலத்தில் புதருக்குள்ளிருந்து ஒரு கொடி தலையை நீட்டியிருக்கும். அங்கே யாரும் தொட்டுவிடவில்லை. ஆனாலும் காய் இருக்கும். கொடிக்கு நாலோ ஐந்தோ காய்தான். எங்கள் தோட்டத்து விவசாயிக்கு அது கட்டாது. மலைக்கு அது போதும். பிள்ளைகளிடம் கண்ணைத் தேய்க்காதே என்று சொல்லிவிட்டு, பூவின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் தண்டைக் காட்டுவேன். சிறகு அளவுக்கு எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து பார்க்கச் சொல்வேன்.

அண்ணன் இந்த ஆடியில் அரை ஏக்கர் மட்டும் கண்வலி நட்டிருக்கிறார். கிணற்றுப்பக்கத்துக் கிளுவை வேலியை வெட்ட வேண்டாம், அந்த ஓரத்து நாலு வரிசைக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று நான் கேட்டேன். "புழு அங்கிருந்துதானே புள்ள உள்ளே வரும்?" என்றார். புழு வந்தால் நானே கையால் பொறுக்கிப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சம்மதித்தார். புரட்டாசியில் மகரந்தம் தொட ஆள் வேண்டும். பனியன் கம்பெனி வண்டி காலை ஆறு மணிக்கே ஊருக்குள் வந்து இளவயசுப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் போய்விடுகிறது. மிஞ்சியிருப்பது அறுபதைத் தாண்டியவர்கள்தான். சின்னம்மாவுக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. அடுத்த தெருவில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், போன வருஷத்தைவிட நூறு ரூபாய் கூடக் கேட்கிறார்கள். கொடுக்கச் சொல்லிவிட்டேன்.